எம்.டி. பெயரில் மெயில் போகிறது, எம்.டி.க்குத் தெரியவில்லை

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். சுமார் 120 மெயில்பாக்ஸ், ஆபீஸிலேயே ஓடும் எக்ஸ்சேஞ்ச் 2016 (மைக்ரோசாஃப்டின் மெயில் மென்பொருள்) சர்வர். எம்.டி. பெயரில் மெயில் அனுப்ப அவருடைய பி.ஏ.வுக்கும் மூன்று மெர்ச்சன்டைசர்களுக்கும் (பையர்களோடு பேசி ஆர்டரைக் கவனிப்பவர்கள்) உரிமை கொடுத்திருக்கிறோம். மூன்று வாரத்துக்கு முன்பு, பீஸுக்கு 12 சென்ட் குறைக்கச் சம்மதம் என்று ஒரு ஜெர்மனி பையருக்கு எம்.டி. பெயரில் மெயில் போயிருக்கிறது. தான் அனுப்பவில்லை என்கிறார் எம்.டி. அவருடைய சென்ட் ஐட்டம்ஸிலும் அது இல்லை. யார் அனுப்பியது என்று என்னால் சொல்ல முடியவில்லை. "இனிமே என் பேர்ல யார் அனுப்பினாலும் எனக்குத் தெரியணும்" என்றார். அவர் பெயரில் போகும் எல்லாவற்றுக்கும் அவருக்கே ஒரு நகல் வரும்படி சர்வரில் ரூல் போட்டேன். மூன்றாம் நாளே "இதை நிறுத்துப்பா" என்றுவிட்டார். இதற்கிடையில் ஆபீஸே பி.ஏ. அக்காவைச் சந்தேகமாகப் பார்க்கிறது. ஒன்பது வருஷமாக இருப்பவர். இதைக் கண்காணிக்கச் சரியான வழி என்ன?

பதில்: தகவல் யாருக்குப் போக வேண்டும் என்பதை நீங்கள் சரியாகப் பிடித்துவிட்டீர்கள். பெரும்பாலான அட்மின்கள் அங்கேதான் கோட்டை விடுவார்கள். அலர்ட் எல்லாம் தங்களுக்கே வரும்படி வைத்துக்கொள்வார்கள். ஒரு மெயில் முறையானதா இல்லையா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. 12 சென்ட் குறைக்கச் சொன்னாரா இல்லையா என்பது அந்த ஒரு மனிதருக்குத்தான் தெரியும். அதனால் எம்.டி.யைச் சுற்றியே இதைக் கட்டுங்கள். ஆனால் ரூல் அதற்கான கருவி இல்லை.

ஏன் என்றால், எம்.டி. தன் கையால் அனுப்பியதையும் பி.ஏ. அவர் பெயரில் அனுப்பியதையும் அந்த ரூலால் பிரித்துப் பார்க்க முடியாது. இரண்டிலும் அனுப்புநர் இடத்தில் எம்.டி.யின் முகவரிதான் இருக்கும். ஆக, அவர் எழுதிய மெயில் எல்லாம் அவருக்கே திரும்பி வந்திருக்கும். மூன்று நாள் தாங்கினாரே, அதுவே பெரிது.

இதே தப்பை நானும் செய்திருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு நிறுவனத்தில், வேறொருவர் பெயரில் போகும் ஒவ்வொரு மெயிலுக்கும் எனக்கு ஓர் அலர்ட் வரும்படி வைத்தேன். நாளுக்கு முந்நூறு வந்தது. இரண்டாம் வாரம் அவற்றைத் தனி ஃபோல்டருக்குத் தள்ளிவிட அவுட்லுக்கில் ஒரு ரூல் போட்டேன். அப்புறம் ஒருநாள் உண்மையாகவே பிரச்சினை வந்தது. அதைச் சொன்ன அலர்ட் அந்த ஃபோல்டரில் பதினோரு நாளாகப் படிக்கப்படாமல் கிடந்தது. அந்த வாரம் மேனேஜர் என்னிடம் பேசியதை இங்கே எழுத முடியாது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். கண்காணிப்பு அப்புறம். முதலில் ஓர் அவசர வேலை இருக்கிறது. எக்ஸ்சேஞ்ச் சர்வரில் மெசேஜ் டிராக்கிங் லாக், அதாவது எந்த மெயில் எப்போது யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பதிவு, இயல்பாக 30 நாள்தான் இருக்கும். உங்கள் சம்பவம் நடந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. இதைப் படித்து முடிப்பதற்குள் அந்த லாக் ஃபோல்டரை அப்படியே இன்னொரு டிஸ்க்குக்கு நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.

எடுத்தாயிற்றா? இனி அந்த மெயிலின் பொருள் வரியையும் நேரத்தையும் வைத்து லாக்கில் தேடுங்கள். ஃபைலை நேரடியாகத் திறந்தால் நேரம் யு.டி.சி.யில் (உலகப் பொது நேரம், நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால்) இருக்கும். நம் கணக்கில் மாலை 7.42 என்றால் அங்கே 14.12. இது தெரியாமல் தேடிவிட்டு "லாக்கில் எதுவும் இல்லை" என்று கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். மெயில் முதன்முதலில் சமர்ப்பிக்கப்பட்டதைக் காட்டும் வரியில் 'சோர்ஸ் கான்டெக்ஸ்ட்' என்று ஒரு பகுதி உண்டு. எந்த மெயில்பாக்ஸிலிருந்து அது கிளம்பியது என்பது ஜிகைடு என்ற நீளமான அடையாள எண்ணாக அங்கே இருக்கும். கூடவே அவுட்லுக்கா, வெப் மெயிலா என்பதற்கான குறிப்பும் இருக்கும். அந்த எண்ணை உங்கள் 120 மெயில்பாக்ஸ்களின் ஜிகைடு பட்டியலோடு பொருத்திப் பாருங்கள். பி.ஏ.வுடையதாகவோ மெர்ச்சன்டைசர் ஒருவருடையதாகவோ இருந்தால் அவரிடம் தனியாக உட்கார்ந்து பேசலாம். எம்.டி.யுடையதாகவே இருந்தால் இரண்டில் ஒன்று: அவரே அனுப்பிவிட்டு மறந்திருக்கிறார், அல்லது அவருடைய மெயில்பாக்ஸைத் தனிக் கணக்காகத் தன் அவுட்லுக்கில் சேர்த்து வைத்திருக்கும் யாரோ அனுப்பியிருக்கிறார். முதலாவது நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி நடக்கும். அதை எம்.டி.யிடம் எப்படிச் சொல்வது என்பது வேறு துறை ஆலோசகரின் வேலை.

அந்த வரியே லாக்கில் இல்லை என்றால்? மெயில் எந்த மெயில்பாக்ஸிலிருந்தும் கிளம்பவில்லை என்று பொருள். அப்போது பையரிடமிருந்து மெயிலை வாங்குங்கள். ஃபார்வர்ட் வேண்டாம், ஃபார்வர்ட் செய்தால் மெயில் வந்த வழியைச் சொல்லும் தலைப்புப் பகுதி (ஹெடர்) போய்விடும். மூல மெயிலையே அட்டாச்மென்டாக அனுப்பச் சொல்லுங்கள். அதன் ஹெடரில் 'ரிசீவ்டு' என்று தொடங்கும் வரிகள் அடுக்காக இருக்கும். கீழேயிருந்து மேலே படிக்க வேண்டும்; ஆக அடியில் இருப்பதுதான் பிறந்த இடம். அவுட்லுக்கோ வெப் மெயிலோ வழியாக, முறையாக லாகின் செய்து அனுப்பிய மெயிலில் அந்த அடி வரியில் 'மேப்பி' (mapi) என்ற சொல் இருக்கும். அது இல்லாமல் உங்கள் உள் நெட்வொர்க்கின் ஐ.பி. ஒன்று இருந்தால், யாரோ, அல்லது ஏதோ ஒன்று, நேராக 25ஆம் போர்ட்டில் (சர்வர் மெயிலை வாங்கிக்கொள்ளும் வாசல்) மெயிலைக் கொடுத்திருக்கிறது.

இந்தக் கதவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஏற்றுமதி நிறுவனங்கள் பலவற்றில் இது திறந்தே கிடக்கும். ஸ்கேனர் மெயில் அனுப்ப வேண்டும், ஈ.ஆர்.பி. (ஆர்டர், ஸ்டாக், பில் எல்லாம் பார்க்கும் மென்பொருள்) பேக்கிங் லிஸ்ட் அனுப்ப வேண்டும் என்பதற்காக, 'உள்ளே இருக்கும் எந்த மெஷினும் பாஸ்வேர்டு இல்லாமல் அனுப்பலாம்' என்று ஒரு ரிசீவ் கனெக்டர் (சர்வர் மெயிலை வாங்கும் வழிக்கான அமைப்பு) எப்போதோ போட்டிருப்பார்கள். ஐ.பி. வரம்பில் அந்த ஒரு ஸ்கேனரை மட்டும் குறிப்பிடாமல் ஆபீஸ் நெட்வொர்க் முழுவதையும் கொடுத்திருப்பார்கள். அப்படி இருந்தால் உங்கள் ஆபீஸில் யாருக்கும் எம்.டி. பெயரில் மெயில் அனுப்ப எந்த உரிமையும் தேவையில்லை. நீங்கள் உரிமைகளை எவ்வளவு கண்காணித்தாலும் இந்த வழியில் போவது கண்ணில் படாது. இன்றைக்கே அந்தக் கனெக்டரைத் திறந்து ஐ.பி.களைச் சுருக்குங்கள். ஈ.ஆர்.பி.க்கு எம்.டி. முகவரி எதற்கு? அதற்கென ஒரு தனி முகவரி கொடுங்கள்.

அடி வரியில் உங்கள் சர்வரே இல்லையென்றால் அது வெளியாள் வேலை. ஓர் எழுத்து மாறிய டொமைனாக இருக்கலாம், அல்லது உங்கள் டொமைன் பெயரில் வெளியாள் அனுப்பாமல் தடுக்க உதவும் எஸ்.பி.எஃப்., டிமார்க் பதிவுகள் தளர்வாக இருக்கலாம். அது இந்தப் பதிலின் எல்லைக்கு வெளியே. ஆனால் அப்படியென்றால் பி.ஏ. அக்கா மேல் விழுந்த சந்தேகம் முழுக்க அநியாயம் என்பதையாவது அன்றே எல்லோர் காதிலும் போட்டுவிடுங்கள்.

இப்போது உரிமைகள். எக்ஸ்சேஞ்சில் இவை மூன்று, மூன்றும் வேறு வேறு. 'ஃபுல் ஆக்சஸ்' என்றால் மெயில்பாக்ஸைத் திறந்து படிக்கலாம். அதனால் மட்டும் அனுப்ப முடியாது. 'சென்ட் ஆஸ்' என்றால் எம்.டி.யாகவே அனுப்பலாம், பையருக்கு வித்தியாசமே தெரியாது. 'சென்ட் ஆன் பிஹாஃப்' என்றால் எம்.டி.க்காக இன்னார் அனுப்புகிறார் என்று இரண்டு பெயரும் தெரியும். இரண்டு அனுப்பும் உரிமையும் ஒருவருக்கே இருந்தால் சென்ட் ஆஸ்தான் வேலை செய்யும். பலர் இதைத் தெரியாமல் 'ஆன் பிஹாஃப் கொடுத்துவிட்டோம், பெயர் தெரியும்' என்று நிம்மதியாக இருப்பார்கள். பழைய சென்ட் ஆஸ் அப்படியே உள்ளே இருக்கும்.

ஒருவருக்காக இன்னொருவர் மெயில் அனுப்புவது புதிய சிக்கலும் இல்லை. மின்னஞ்சலின் வடிவத்தை வரையறுக்கும், 2008இல் வெளியான ஆர்.எஃப்.சி. 5322 ஆவணத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது: செயலாளர் ஒருவர் இன்னொருவருக்காக அனுப்பினால் எழுதியவர் பெயர் 'ஃப்ரம்' இடத்திலும், அனுப்பிய செயலாளர் பெயர் 'சென்டர்' இடத்திலும் வர வேண்டும். உங்கள் பி.ஏ. அக்காவுக்கென்றே எழுதியது போல இருக்கும். சென்ட் ஆன் பிஹாஃப் இந்த முறைப்படி நடக்கிறது. சென்ட் ஆஸ் இரண்டாவது பெயரை விழுங்கிவிடுகிறது.

என் கருத்து, மெர்ச்சன்டைசர்கள் மூவருக்கும் சென்ட் ஆஸ் வேண்டவே வேண்டாம். ஆன் பிஹாஃப் போதும். லேப் டிப் அப்ரூவல், சாம்பிள் அனுப்பும் தேதி, டிரிம்ஸ் பற்றிய சந்தேகம் எல்லாவற்றுக்கும் எம்.டி.யின் குரலிலேயே பேச வேண்டிய தேவை என்ன? விலை, பேமென்ட், டெலிவரித் தேதி மாற்றம் ஆகிய மூன்றை எம்.டி.யோ பி.ஏ.வோ மட்டும் அனுப்பட்டும். இந்தத் திருத்தத்தைச் செய்தாலே நீங்கள் கண்காணிக்க வேண்டியது கால்வாசியாகச் சுருங்கிவிடும்.

சென்ட் ஐட்டம்ஸ் ஏன் காலியாக இருந்தது என்பதும் இதோடு சேர்ந்ததே. இன்னொருவர் பெயரில் அனுப்பினாலும், நகல் அனுப்பியவரின் சென்ட் ஐட்டம்ஸில்தான் இயல்பாகப் போய் உட்காரும். அந்த நால்வரின் சென்ட் ஐட்டம்ஸிலும் தேடினீர்களா? உங்கள் கேள்வியில் அது இல்லை. அவர்களிடம் சொல்லிவிட்டு, அவர்கள் முன்னிலையிலேயே தேடுங்கள். அக்கவுன்ட்ஸ் போன்ற பொது மெயில்பாக்ஸ்களுக்கு, அனுப்பிய நகல் அந்தப் பொதுப் பெட்டியிலும் விழும்படி ஓர் அமைப்பு உண்டு. பவர்ஷெல்லில் (விண்டோஸின் கட்டளைக் கருவி) 'செட்-மெயில்பாக்ஸ்' கட்டளையோடு 'மெசேஜ் காப்பி ஃபார் சென்ட் ஆஸ்' என்றும் 'மெசேஜ் காப்பி ஃபார் சென்ட் ஆன் பிஹாஃப்' என்றும் இரண்டு சுவிட்சுகள். இரண்டையும் போட வேண்டும். ஒன்றைப் போட்டால் மற்றது தானாக வராது.

அடுத்து ஆடிட், அதாவது மெயில்பாக்ஸில் யார் என்ன செய்தார் என்ற பதிவு. உங்கள் வகை சர்வரில் மெயில்பாக்ஸ் ஆடிட் இயல்பாக அணைந்திருக்கும், ஒவ்வொரு மெயில்பாக்ஸுக்கும் தனித்தனியாக எழுப்ப வேண்டும். அதனால்தான் உங்களால் யார் என்று சொல்ல முடியவில்லை. இன்றைக்குப் போட்டால் இன்றையிலிருந்துதான் எழுதும், நடந்ததைச் சொல்லாது. 120க்கும் போட வேண்டியதில்லை. பிறர் பெயரில் அனுப்பும் உரிமை எந்தெந்த மெயில்பாக்ஸ்மீது இருக்கிறதோ அவற்றுக்குப் போதும். இதில் ஒரு கண்ணி: ஆடிட்டை வெறுமனே இயக்கினால் டெலிகேட் (இன்னொருவருக்காகச் செயல்பட உரிமை பெற்றவர்) அனுப்பும் சென்ட் ஆஸ் பதிவாகும், சென்ட் ஆன் பிஹாஃப் பதிவாகாது. அதை டெலிகேட் பட்டியலில் நீங்களே சேர்க்க வேண்டும். நான் சொன்னபடி மெர்ச்சன்டைசர்களை ஆன் பிஹாஃபுக்கு மாற்றிவிட்டு இதை மறந்தால், கண்காணிப்பு போட்ட அன்றே மூன்று பேர் அதிலிருந்து மறைந்துவிடுவார்கள்.

ஆடிட் எழுதும் ஒரு வரியில் லாகின் செய்தவர் யார், யாருடைய மெயில்பாக்ஸ், எந்த நேரம், எந்த ஐ.பி., என்ன பொருள் வரி என்பவை கிடைக்கும். யாருக்குப் போனது என்பது கிடைக்காது. அதற்கு மறுபடியும் டிராக்கிங் லாக்கிடம் போய், பொருள் வரியையும் நேரத்தையும் வைத்து இரண்டையும் இணைக்க வேண்டும். அந்த இணைப்பைச் செய்யும் ஐம்பது அறுபது வரி பவர்ஷெல் ஸ்கிரிப்ட்தான் உங்கள் கண்காணிப்பின் முதுகெலும்பு. விலை கொடுத்து வாங்கும் மென்பொருள்களும் இதையே கொஞ்சம் அழகாகச் செய்கின்றன. உங்கள் அளவுக்கு ஸ்கிரிப்டும் அதைக் குறித்த நேரத்தில் ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரும் போதும்.

அந்த ஸ்கிரிப்ட் மாலையில் எம்.டி.க்கு ஒரே ஒரு மெயில் அனுப்பட்டும். அது இப்படி இருக்கலாம்: "இன்று உங்கள் பெயரில் மற்றவர்கள் அனுப்பியவை 9. காலை 10.20, பி.ஏ., ஃபிரைட் ஃபார்வர்டருக்கு, 'வெசல் கட்-ஆஃப்'. பகல் 12.05, மெர்ச்சன்டைசர் 2, ஜெர்மனி பையருக்கு, 'ரிவைஸ்டு காஸ்டிங்'..." அவ்வளவுதான். மெயிலின் உள்ளடக்கம் வேண்டாம், இணைப்பு வேண்டாம், சார்ட் எதுவும் வேண்டாம். போனில் ஒரே திரையில் முடிந்துவிட வேண்டும். ஒன்பது வரியை அவர் காரில் உட்கார்ந்தபடி பத்து நொடியில் பார்த்துவிடுவார். 'ரிவைஸ்டு காஸ்டிங்கா? நான் சொல்லலையே' என்று அவர் கண் அங்கே நிற்கும். இந்த வேலையை எந்த ஸ்கிரிப்டாலும் செய்ய முடியாது, உங்களாலும் முடியாது. ஒன்றுமே போகாத நாளிலும் 'இன்று 0' என்று மெயில் வர வேண்டும். வராத நாளில் 'என்னப்பா, இன்னைக்கு வரலையே' என்று அவரே கேட்பார். உங்கள் ஸ்கிரிப்ட் செத்துப்போனது உங்களுக்கு அப்படித்தான் தெரியவரும்.

உடனடி அலர்ட் என்பதை மிகச் சிலவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், அவை உங்களுக்கும் எம்.டி.க்கும் சேர்ந்தே வரட்டும். முதலாவதும் முக்கியமானதும், உரிமைப் பட்டியல் மாறினால். யாருக்கோ புதிதாக சென்ட் ஆஸ் கிடைத்திருக்கிறது என்பது, ஏற்கெனவே உரிமை உள்ளவர் நூறு மெயில் அனுப்பியதைவிடப் பெரிய செய்தி. இதை அட்மின் ஆடிட் லாக்கிலிருந்து பிடிக்கலாம் என்று கையேடுகள் சொல்லும். பிடிக்கலாம், ஆனால் முழுதாக அல்ல. அந்த லாக் எக்ஸ்சேஞ்ச் கட்டளைகளைத்தான் பதியும். எம்.டி.யே தன் அவுட்லுக்கில் 'டெலிகேட்' என்று ஒருவரைச் சேர்த்தால் ஆன் பிஹாஃப் உரிமை நேராக ஆக்டிவ் டைரக்டரியில் (ஆபீஸின் எல்லாக் கணக்குகளையும் உரிமைகளையும் வைத்திருக்கும் இடம்) போய் எழுதப்படும். டொமைன் அட்மின் ஒருவர் ஆக்டிவ் டைரக்டரிக் கருவியிலேயே சென்ட் ஆஸ் கொடுக்கவும் முடியும். இரண்டும் அந்த லாக்கில் வராது.

அதனால் எளிய, முரட்டுத்தனமான வழிதான் சிறந்தது. ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை உரிமைப் பட்டியல் முழுவதையும் எடுத்து ஒரு ஃபைலில் எழுதுங்கள். முந்தைய ஃபைலோடு ஒப்பிடுங்கள். ஒரு வரி கூடினாலும் குறைந்தாலும் அலர்ட். எந்த வழியில் கொடுத்திருந்தாலும் இதில் மாட்டும். பட்டியல் எடுக்கும்போது, மேலிருந்து மரபாக இறங்கும் உரிமைகளை 'இரைச்சல்' என்று வடிகட்டிவிடாதீர்கள். இணையத்தில் கிடைக்கும் ஸ்கிரிப்டுகளில் பாதி அதை வடிகட்டுகின்றன. ஓர் ஓ.யூ. (ஆக்டிவ் டைரக்டரியில் கணக்குகளின் ஒரு தொகுப்பு) முழுவதற்கும் யாரோ கொடுத்த சென்ட் ஆஸ் அப்படித்தான் கண்ணுக்குத் தப்பும்.

இரண்டாவது, வழக்கத்துக்கு மாறான இடம்: பி.ஏ.வின் லாகின் எப்போதும் ஆபீஸ் ஐ.பி.யிலிருந்தே வரும்போது திடீரென்று வெளி ஐ.பி.யிலிருந்து எம்.டி. பெயரில் மெயில் போனால் அலர்ட். மூன்றாவது, எண்ணிக்கை: ஒரு மணி நேரத்தில் ஒருவர் எம்.டி. பெயரில் வழக்கத்தைவிடப் பல மடங்கு அனுப்பினால். இதற்கான எல்லையை நான் சொல்ல மாட்டேன். இரண்டு வாரம் அலர்ட் எதுவும் இல்லாமல் வெறுமனே எண்ணிப் பாருங்கள், எண் தானாக வரும்.

'இரவு நேரத்தில் அனுப்பினால் அலர்ட்' என்று எல்லோரும் முதலில் வைப்பதை நீங்கள் வைக்க வேண்டாம். உங்கள் ஊரில் அது எடுபடாது. அமெரிக்க பையர் ஆபீஸுக்கு வரும் நேரம் நமக்கு இரவு. ஷிப்மென்ட் வாரத்தில் மெர்ச்சன்டைசர்கள் பதினொன்றரை வரை உட்கார்ந்திருப்பார்கள். பெங்களூரில் ஒரு வங்கிக்குப் பொருந்தும் விதி உங்கள் ஊரில் தினமும் பத்துப் பொய் அலர்ட்டை வரவைக்கும். அப்புறம் மறுபடியும் தனி ஃபோல்டர், பதினோரு நாள்.

இந்த உடனடி அலர்ட்டுகள் அதே மெயில் சர்வர் வழியாக மட்டும் போகக் கூடாது. சர்வர் விழுந்தால் அலர்ட்டும் விழும். தவிர, எம்.டி. மெயில்பாக்ஸைத் திறக்கக் கூடியவர் அலர்ட்டையும் அழிக்கலாம். எஸ்.எம்.எஸ். அல்லது வெளியே உள்ள வேறொரு கணக்கு, ஏதாவது ஒன்று கூடவே இருக்கட்டும்.

இன்னொன்று, பலரும் எட்டிப் பார்க்காத மூலை. எக்ஸ்சேஞ்சில் 'ஆடிட் பைபாஸ்' என்று ஓர் ஏற்பாடு உண்டு. பேக்கப் போன்ற சர்வீஸ் கணக்குகள் லாக்கை நிரப்பிவிடாமல் இருக்க, குறிப்பிட்ட கணக்கு என்ன செய்தாலும் பதிய வேண்டாம் என்று சொல்வது. அந்தப் பட்டியலில் யார் யார் இருக்கிறார்கள் என்று இன்றே பாருங்கள். மணிக்கொருமுறை எடுக்கும் ஃபைலில் அதையும் சேர்த்துவிடுங்கள். உங்களுக்கு முன்பிருந்த அட்மினின் கணக்கு அதில் இன்னும் இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

உங்கள் கணக்கும் இந்தக் கண்காணிப்புக்குள் வர வேண்டும், தயங்காதீர்கள். எம்.டி. பெயரில் அனுப்பும் உரிமையைத் தனக்கே கொடுத்துக்கொண்டு, அனுப்பிவிட்டு, எடுத்துவிடக் கூடிய ஒரே ஆள் நீங்கள்தான். பட்டியல் மாற்ற அலர்ட் எம்.டி.க்கும் போக வேண்டும் என்று நான் சொன்னதற்கு அதுவும் காரணம். நாளைக்கு ஏதாவது நடந்தால் உங்களைக் காப்பாற்றப் போவதும் அதுதான்.

எத்தனை நாள் வைத்திருப்பது? ஆடிட் பதிவு இயல்பாக 90 நாள், டிராக்கிங் லாக் 30 நாள். இரண்டும் போதாது. இந்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட உத்தரவின்படி நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள், இந்தியாவுக்குள், வைத்திருக்க வேண்டும். அதே உத்தரவு, ஆள்மாறாட்டம், ஃபிஷிங் போன்ற சம்பவங்களைத் தெரியவந்த 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவும் சொல்கிறது. உங்கள் மெயில் வெளியாள் வேலை என்று தெரியவந்தால் இந்த விதி உங்களுக்குப் பொருந்தும். இரண்டு லாக்கையும் 180 நாளுக்கு மாற்றுங்கள். டிராக்கிங் லாக்குக்கு நாள் கணக்கோடு ஃபோல்டர் அளவு வரம்பும் உண்டு, இயல்பாக 1000 எம்.பி. அதை உயர்த்தாமல் நாளை மட்டும் உயர்த்தினால் பழையது அழிந்துகொண்டேதான் இருக்கும்.

எக்ஸ்சேஞ்ச் 2016க்கு மைக்ரோசாஃப்டின் ஆதரவு 2025 அக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது என்பதையும் எம்.டி. நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லிவையுங்கள். மைக்ரோசாஃப்டின் இணையவழிச் சேவையான மைக்ரோசாஃப்ட் 365க்கு மாறினால் மெயில்பாக்ஸ் ஆடிட் தானாகவே இயங்கும், இரண்டு அனுப்பும் உரிமையும் பதிவாகும். ஆனால் பதிவு தேடலில் வந்து சேர ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஆகலாம். அங்கே 'உடனடி' என்ற சொல்லுக்கு வேறு அர்த்தம்.

பி.ஏ. அக்கா விஷயம். கண்காணிப்பை ரகசியமாகத் தொடங்காதீர்கள். எம்.டி. கையெழுத்தோடு ஒரு பக்கக் கடிதம் நால்வருக்கும் போகட்டும்: பிறர் பெயரில் அனுப்பும் மெயில்களில் யார், எப்போது, யாருக்கு, என்ன தலைப்பு என்பது பதிவாகும், உள்ளடக்கம் படிக்கப்படாது, தினமும் அதன் பட்டியல் எம்.டி.க்குப் போகும். அதே பட்டியலின் நகல் பி.ஏ.வுக்கும் போக வேண்டும் என்று நான் பரிந்துரைப்பேன். எம்.டி.க்கு அடுத்தபடி தப்பான வரியைக் கண்டுபிடிக்கக் கூடியவர் அவர்தான். தன் பெயருக்கு நேரே தான் அனுப்பாத ஒரு வரி இருந்தால், தன் பாஸ்வேர்டு வேறு யார் கையிலோ இருக்கிறது என்று முதலில் சொல்லப் போவதும் அவரே. ஒன்பது வருஷமாக இருப்பவரிடம் இந்தப் பதிவு உங்களைக் காப்பதற்காகவும்தான் என்று வாயால் சொல்லுங்கள், கடிதம் மட்டும் போதாது.

அப்புறம், அந்த 12 சென்ட் மெயிலை வேண்டுமென்றே யாரும் அனுப்பியிருக்க வேண்டும் என்றும் இல்லை. மெர்ச்சன்டைசர் தன் அவுட்லுக்கில் எம்.டி.யின் பெட்டியைத் திறந்து வைத்து, அங்கே வந்த மெயிலுக்கு ரிப்ளை அடித்தால், 'ஃப்ரம்' இடத்தில் எம்.டி. பெயரே தானாக உட்கார்ந்துவிடுவது உண்டு. எம்.டி. போனில் 'சரி, பார்த்துக் குறைச்சுக் குடு' என்று சொன்னதைத் தன் பெயரில் எழுதுவதாக நினைத்து எழுதியிருக்கலாம். ஜிகைடு கிடைத்ததும் முதல் கேள்வியாக இதைக் கேளுங்கள். 'ஏன் அனுப்பினாய்' என்று ஆரம்பிக்காதீர்கள்.

எல்லாம் போட்டு முடித்த பிறகு ஒரு ஒத்திகை. எம்.டி.யிடம் சொல்லிவிட்டு, வேறு யாரிடமும் சொல்லாமல், ஒரு டெஸ்ட் கணக்குக்கு எம்.டி. மெயில்பாக்ஸ்மீது சென்ட் ஆஸ் கொடுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் அவர் போனுக்கு அலர்ட் வர வேண்டும். உரிமை உண்மையில் வேலை செய்ய, கேஷ் (சர்வர் நினைவில் வைத்திருக்கும் பழைய தகவல்) காரணமாக இரண்டு மணி நேரம்வரை எடுக்கலாம். பொறுத்திருந்து, அந்தக் கணக்கிலிருந்து உங்கள் சொந்த வெளி முகவரிக்கு ஒரு மெயில் அனுப்புங்கள். மாலைப் பட்டியலில் அந்த வரி டெஸ்ட் கணக்கின் பெயரோடு இருக்க வேண்டும். அடுத்து ஸ்கேனர் இருக்கும் நெட்வொர்க்கில் ஒரு லேப்டாப்பை மாட்டி, 25ஆம் போர்ட் வழியாக எம்.டி. பெயரில் ஒரு வெளி முகவரிக்கு அனுப்பப் பாருங்கள், சர்வர் மறுக்க வேண்டும். கடைசியாக டெஸ்ட் கணக்கின் உரிமையை எடுத்துவிடுங்கள். எடுத்ததற்கும் ஓர் அலர்ட் வர வேண்டும். அது வந்த பிறகுதான் வீட்டுக்குக் கிளம்புங்கள்.